ருசி பார்க்காத மாஸ்டரின் மூக்கு

ஆனி 14

டாக்டர் நூருன்னிஸா சொன்னதால் இந்த நோட்டு. காலையிலும் மாலையிலும் எந்த வாசனை தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுதிவர வேண்டுமாம். அவர் வாங்கி வாசிப்பாராம். அதனால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் பிறவிப்பெருமாள். பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் மாஸ்டர். ஊரில் என்னை "ருசி பார்க்காத கை" என்பார்கள். சமைக்கிற பண்டத்தை நான் வாயில் வைப்பதில்லை. விருந்தாளிக்கு முன் நாம் வாய் வைத்தால் அது எச்சில். கொதி வரும்போது ஆவியை ஒரு இழுப்பு இழுப்பேன். உப்பு, புளி, காரம், வேக்காடு நான்கும் தெரிந்துவிடும். இந்தப் பெயருக்காகவே என்னைத் தேடி வருகிற வீடுகள் உண்டு.

வைகாசியில் வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் போயிற்று. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெருங்காய டப்பாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரை மோந்ததுபோல் இருந்தது.

டாக்டரிடம், "வெங்காயம் வெட்டுனா மூக்கு சுரீர்னு எரியுது. அப்போ மூக்கு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டேன்.

"எரிச்சலைச் சொல்ற நரம்பு வேற, வாசத்தைச் சொல்ற நரம்பு வேற, மாஸ்டர்" என்றார். "மூக்கோட உச்சியில தபால்தலை அளவு ஒரு இடம் இருக்கு. வாசனை எல்லாம் அங்கதான். வைரஸ் அந்த இடத்தைக் கெடுத்துட்டுப் போயிருக்கு. நல்ல சேதி என்னன்னா, அந்த நரம்பு செத்தாலும் திரும்ப முளைக்கும். உடம்புல அப்படி முளைக்கிற நரம்பு ரொம்பக் கொஞ்சம்."

"எப்போ முளைக்கும்?"

"சிலருக்கு மாசம், சிலருக்கு வருஷம். சத்தியம் பண்ண மாட்டேன். பயிற்சி கொடுத்தா வாய்ப்பு கூடும்."

பயிற்சி இதுதான்: பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். நாலையும் தினம் இரண்டு வேளை நிதானமாக முகர வேண்டும். இதற்கா படித்துப் பட்டம் வாங்கினார் என்று தோன்றியது. சொல்லவில்லை.

எனக்கு அவசரம் இருக்கிறது. ஆவணியில் ஆவுடையம்மாள் வீட்டுக் கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி விருந்து. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி, ஒரு நொடி தவறினாலும் திரிந்துபோகும். அந்த வீட்டில் முதல் இலை குலதெய்வத்துக்குப் படையல். அதனால்தான் எச்சில் படாத கை வேண்டும் என்று என்னைத் தேடி வந்து வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். வேலைக்காரப் பையன்களுக்கு விஷயம் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

என் மனைவி உலகம்மையிடமும் சொல்லவில்லை. காதில் அடைப்பு, அதற்காக டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனி 15

காலை: பன்னீர் இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. தைலம் உண்டு. ஜிவ்வென்று தெரிந்தது. நாலில் ஒன்று முதல் நாளே வந்துவிட்டது. நம் மூக்கு சாதாரண மூக்கா.

ஆனி 17

பயிற்சியைப் பூஜை அறையில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். உலகம்மை எட்டிப் பார்த்து, "என்ன திடீர்னு இம்புட்டு பக்தி?" என்று தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள். காது அடைப்பு என்று சொன்னதிலிருந்து வீட்டில் எல்லாம் உரத்த குரல்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டுகிறார்.

ஆனி 21

டாக்டர் என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். தைலம் தெரிந்தது வாசனை இல்லையாம். குளிர்ச்சியாம். அதுவும் எரிச்சல் நரம்பு பார்க்கிற வேலையாம்.

நாக்காவது மிச்சம் இருக்கிறதே என்றேன். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் காளானிலும் தக்காளியிலும் இருக்கிற ஒரு சாறுத்தன்மை, இந்த ஐந்துதான் தெரியும். மிச்ச ருசியெல்லாம் வாயிலிருந்து மேலேறி மூக்குக்குப் போகிற வாசனை என்றார்.

"அறுசுவைன்னுல்லா சொல்லுவோம். காரத்தை எங்க காணோம்?"

"காரம் சுவை இல்லை மாஸ்டர். அது வலி."

அப்படியானால் இத்தனை வருஷமாகப் பந்தி பந்தியாக உட்காரவைத்து வலி பரிமாறியிருக்கிறேன். அவர்களும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவர், "ஒரு சந்தேகம். உப்புக்கு வாசமே கிடையாதே. அதை எப்படி மோந்து சொல்வீங்க?" என்று கேட்டார். படித்தவர்களுக்குச் சமையல் தெரியாது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி 26

சாந்தி நகரில் ஒரு காதுகுத்து வீடு. ஆடி பிறக்குமுன் கடைசி வேலை. கண்ணையும் காதையும் வைத்தே சமைத்தேன். எண்ணெய் சடசடப்பு அடங்கினால் வடை வெந்தது. குழம்பின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் இறக்கலாம். ஒன்றும் குறையில்லை.

பாயசம் மட்டும் பந்திக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று என் கையாள் சுடலைமணி வந்து சொன்னான். ஒரு அண்டா பாயசம். அவனே அவசரமாகச் சேமியா கிண்டிப் பரிமாறினான். அந்த வீட்டுக் குழந்தைகள் சமையல்கட்டுக்குள் புகுந்து குடித்திருப்பார்கள். அவ்வளவு ருசி போலிருக்கிறது.

ஆனி 30

பையன்களை வைத்தே மூக்கு வேலையை ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ரசப்பொடி வறுக்கும்போது, "ஏல சுடல, மோந்து பாத்துச் சொல்லு, இன்னும் வறுக்கணுமா?" என்று வாத்தியார் மாதிரிக் கேட்கிறேன். அவன் யோசித்து, "கொத்தமல்லி இன்னும் கொஞ்சம், அண்ணாச்சி" என்கிறான். "ம். தேறிட்ட" என்கிறேன். தொழில் சொல்லித் தருகிறேன் என்று அவனுக்கு மகிழ்ச்சி. ஏனோ சிரிப்பை அடக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

ஆடி 2

அடுப்புக் குமிழ் பழசாகிவிட்டது. மாற்ற வேண்டும். உலகம்மை காலையிலிருந்து பேசவில்லை. கத்தவும் இல்லை.

ஆடி 3

நேற்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருக்கிறது. கேஸ் திறந்தபடியே. நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாமி விளக்கேற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். தெருவிலிருந்து ஓடிவந்த உலகம்மை என் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டு, குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். வாசற்படி வரைக்கும் நாறியதாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

இன்று காலை காப்பி கொடுக்கும்போது, சாதாரணக் குரலில், "மூக்குன்னு எங்கிட்ட சொன்னா என்ன?" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"வைகாசியிலயே தெரியும். மீன்காரி கூடையை நம்ம வாசல்ல எறக்கி வச்சா, நீங்க மூஞ்சியச் சுழிக்காம பேப்பர் படிச்சியள்லா, அன்னைக்கே."

"அப்போ எதுக்குளா காது கேக்காதவன்கிட்ட பேசுத மாதிரி கத்துன?"

"காதுன்னு பொய் சொன்னதுக்குத்தான் கத்துனேன். உண்மையச் சொல்லுத வரைக்கும் கத்தணும்னு இருந்தேன். எனக்குத் தொண்டை கட்டுனதுதான் மிச்சம்."

அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். சிலிண்டர் கேஸுக்குச் சொந்த வாசனையே இல்லையாம். கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றத்தைச் சேர்க்கிறார்களாம். மூக்கில்லாதவர் வீட்டில் கசிவு மணி கட்டாயம் வேண்டும் என்றார். வரும் வழியிலேயே வாங்கி மாட்டிவிட்டோம். பழைய சோற்றைத் தூக்கிக் குடிக்கக் கூடாது, கெட்டுப்போனது என் மூக்குக்குத் தெரியாது என்றும் உத்தரவு. உலகம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இனி எனக்கு இரண்டு டாக்டர்கள்.

ஆடி 9

பயிற்சி உலகம்மையின் கைக்குப் போய்விட்டது. முகரும்போது அந்த வாசனையை மனசில் நினைத்துப் பார்த்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பன்னீரைக் காட்டி, "நம்ம கல்யாணத்துல ஒங்க தாய்மாமா பன்னீர்ச் செம்ப கவுத்து என் பட்டுச்சேலைய நனைச்சாரு. நெனைங்க" என்கிறாள். கிராம்புக்கு அவளுடைய பல்வலி. எலுமிச்சைக்கு, எங்கள் மகன் சின்ன வயதில் ஊறுகாய் ஜாடியைப் போட்டு உடைத்தது. நான் ரோஜாவை நினைக்கப் போய் மாமாவை நினைத்துச் சிரித்துவிடுகிறேன். பயிற்சி அத்தோடு கெட்டுப்போகிறது.

மூக்கில் கற்பூர எண்ணெய் விட்டால் உடனே திறக்கும் என்று அவள் தம்பி சொன்னானாம். டாக்டரிடம் கேட்டாள். "இருக்கிறதும் போகும்" என்றாராம். தம்பிக்கு நல்ல திட்டு விழுந்தது.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றங்கரையில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். மூன்றும் எனக்கு ஒன்றே. எலுமிச்சைக்குப் புளிப்பு உண்டு, மணமில்லை. பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர்கள் கையை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். எழுந்துபோய்த் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவே கடைசிவரைக்கும் என்றால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. உலகம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.

ஆடி 23

காலையில் காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். டயர் எரிகிற நாற்றம். குமட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம் வதக்கினால் டயர். பற்பசை டயர். டாக்டருக்குப் போன் செய்து, நரகத்தில் இருக்கிறேன் என்றேன்.

அந்த அம்மாள் சிரிக்கிறார். "வாழ்த்துகள் மாஸ்டர். நரம்பு முளைக்க ஆரம்பிச்சிருக்கு. புது ஒயரைத் தப்பான சுவிட்ச்ல மாட்டின மாதிரி. விளக்கைப் போட்டா ஃபேன் ஓடும். பலருக்கு இது போகப் போகச் சரியாகுது."

"ஆவணிக்குள்ள ஆயிருமா?"

"அதைச் சொல்ல முடியாது."

இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு டயர் தேவலை. உலகம்மை கேசரி கிண்டிக் கொண்டாடினாள். அதுவும் டயர்தான். இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

ஆடி 28

கல்யாண வேலையைப் பிரித்துக்கொள்ளப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுடலைமணி மட்டும் கடைசிவரைக்கும் போகாமல் நின்றான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது. காதுகுத்து வீட்டுப் பாயாசம் தீந்து போகல. அடிப்பிடிச்சு ஒரே தீஞ்ச வாட. நீங்க பக்கத்துல நின்னு நல்லாருக்குன்னு சொன்னிய. நாந்தான் வாய்க்கால்ல கொட்டுனேன்."

"அப்போ என் மூக்கு விசயம்?"

"எங்க எல்லாத்துக்கும் தெரியும். யாரும் வெளிய சொல்லல."

அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணாச்சி. உப்பு."

"உப்புக்கு என்னல?"

"ஒங்க கையில எப்பவும் ஒரு பிடி கொறச்சலாத்தான் விழும். நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்தே அப்படித்தான். நீங்க அந்தப் பக்கம் திரும்புன பொறவு நாங்க ஒரு தொன்னையில எடுத்து ருசி பாத்து, போட்டுருவோம்."

அவனை வெளியே போகச் சொன்னேன். கோபத்தில் சாப்பாடு வேண்டாம் என்றேன். எப்படியும் டயர்தானே. உலகம்மை அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பது கதவுச் சந்தில் தெரிந்தது.

ஆடி 30

இரண்டு நாளாக யோசிக்கிறேன். உப்புக்கு வாசனை கிடையாது. டாக்டர் அன்றைக்கே சொன்னார். ஆவியை இழுத்து உப்பைச் சொல்கிறேன் என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் நம்பினேன். பையன்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் தாங்கியிருக்கிறார்கள். சுடலைமணியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து தலைகுனிந்து நின்றான். "ஏல, நீ இல்லேன்னா ஊரு எப்பவோ என்னைய உப்பில்லாத மாஸ்டர்னு சொல்லிருக்கும்" என்றேன். இருவரும் சிரித்தோம். கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

ஆவணி 3

ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனேன். உலகம்மை போகச் சொல்லவில்லை. போகாமலிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுபடி கத்த ஆரம்பித்திருப்பாள்.

எல்லாவற்றையும் சொன்னேன், மூக்கு, டயர், உப்பு. வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்வதென்றால் நானே நல்ல ஆளாகச் சொல்கிறேன் என்றேன். சொல்லி முடித்தபோது முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த அம்மாள் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. "போன வருசம் என் தங்கச்சி வீட்டுல நீங்க வச்ச சொதியத் தின்னுட்டுத்தான் ஒங்களுக்கு வெத்தல பாக்கு தந்தேன். உப்பு யாரு போட்டா எனக்கென்ன?"

"படையல் இருக்கே. எச்சில் படாத கைன்னு நம்பி..."

"சாமிக்குள்ளத மொதல்ல எடுத்து வச்சிருவோம். பொறவு மிச்சத்த ருசி பாருங்க. சாமி உப்பில்லன்னா பொறுத்துக்கிடும். மாப்பிள்ள வீட்டுக்காரன் பொறுப்பானா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா ஒண்ணு. சொதிய மட்டும் ஒங்க ஆளுவ பாக்கக் கூடாது. நீங்கதான் பாக்கணும். சமைச்சவன் நாக்குக்குத் தெரியாம அப்படி என்ன சமையலு?"

ஆவணி 11

கல்யாணம். சாம்பார், அவியல், ரசம் எல்லாம் பேர் சொல்லின. பையன்கள் ஒளியாமல் என் எதிரிலேயே ருசி பார்த்தார்கள். நாளைதான் பரீட்சை. கால் வலிக்கிறது.

ஆவணி 12

விடிந்ததும் உலகம்மை எங்களோடு மண்டபத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் வேலை இடத்துக்கு அவள் வந்ததில்லை. தேங்காய் உடைக்க உடைக்க ஒவ்வொரு மூடியாக மோந்து கொடுத்தாள். இரண்டு மூடிகளைத் தனியே வைத்து, "இது எண்ணெய் சிக்கு வாட அடிக்கி" என்றாள். பார்க்க வெள்ளைவெளேரென்று இருந்தது. அவள் இல்லாவிட்டால் அதைப் பிழிந்து மொத்தப் பாலையும் கெடுத்திருப்பேன்.

காய்களை மூன்றாம் பாலில் வேகவைத்து, பாசிப்பருப்பைக் குழைத்துவிட்டு, கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றி, கொதி வரவிடாமல் இறக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. டயர். அதை நம்பியிருந்தால் முழு அண்டாவையும் கொட்டியிருக்க வேண்டும். ஆவுடையம்மாள் படையலுக்கு எடுத்துக்கொண்டு போனார். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அப்புறம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டிச் சொதியை உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தேன். பாலின் இனிப்பு தெரிந்தது. புளிப்பு தெரிந்தது. பச்சைமிளகாயின் வலி தெரிந்தது. உப்பு ஒரு பிடி குறைவு. சுடலைமணி மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சிரிக்காதல" என்று சொல்லிவிட்டு ஒரு பிடி போட்டேன்.

மாப்பிள்ளை இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கினார். அவருடைய அப்பா சொதியைத் தனியாக டம்ளரில் கேட்டுக் குடித்தார். ஆவுடையம்மாள் என்னைத் தாண்டிப் போகும்போது, "நாக்கு இருக்கு ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

பந்தியெல்லாம் முடிந்து கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனேன். எச்சில் இலைகளை மலையாகக் குவித்திருந்தார்கள். வெயில் ஏறி ஈ மொய்த்துக்கிடந்தது. பக்கத்தில் போனதும் மூக்கில் ஏதோ இடித்தது. நின்றேன். டயர் இல்லை. குனிந்து நன்றாக இழுத்தேன்.

உலகம்மை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றாள். "என்ன செய்யுதிய அங்க? நாத்தம் கொடலப் பெரட்டுது. இங்கிட்டு வாங்க."

"எப்படி நாறுதுன்னு சொல்லுளா."

"எப்படி நாறும்? புளிச்ச மோரு, வதங்குன எல..."

"இஞ்சி அடிக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்து, குவியலுக்கு முன்னால் முந்தானையை எடுத்துவிட்டு ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஆமா" என்றாள். "இஞ்சித் தொவையலு."

அந்த ஈக்கூட்டத்தின் நடுவில் நின்று நான் அழுதேன். மற்றது எப்போது வரும், வருமா, தெரியாது. இஞ்சி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமா என்று கேட்டேன். மூக்கைப் பொத்தாமல் அவளும் என்னோடு நின்றாள்.